எக்காளப்பூவும் பங்குனி வெயிலும்



ஐந்தருவிச் சாலையில் குடியிருக்கும் சகோதரி ஒருவர் எழுதியுள்ள கடிதம், இம்மாதப் பக்கங்கள் முழுவதையும் கேட்டு வாங்கிக்கொண்டது. குன்னூரில் வாழ்க்கைப்பட்ட அவருடைய லாத்தா, இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஊருக்கு வந்தபோது ஈரச்சாக்கில் சுற்றி ஒரு குச்சி கொண்டுவந்தாராம். நட்ட குச்சி ஆள் உயரம் வளர்ந்து, சென்ற சாரல் பருவத்தில் முழ நீளப் பூக்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டது. மஃரிபுக்குப் பிறகு அதன் மணம் நான்கு வீடுகளுக்குப் போயிற்று. பார்த்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு குச்சி கேட்டிருக்கிறார்கள். இப்போது பங்குனி பிறந்ததும் இலை மஞ்சளித்துக் கொட்டுகிறது. இதற்கிடையில், அது ஊமத்தை இனத்தைச் சேர்ந்த நச்சுச் செடி என்று யாரோ சொல்ல, மாமியார் அதைப் பிடுங்கி எறியச் சொல்கிறார். "பேரப்பிள்ளைகள் ஓடியாடும் முற்றத்தில் இது எதற்கு?" என்பது அவர் வாதம். செடியைக் காப்பது எப்படி, வெட்டிப் பெருக்குவது எப்படி, வீட்டில் வைத்துக்கொள்ள மார்க்கம் இடந்தருகிறதா என்று மூன்று கேள்விகளைச் சகோதரி கேட்டுள்ளார்.

மூன்றாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். அதற்கு விடை காணாமல் மற்ற இரண்டுக்கும் போவது முறையன்று.

செடி எது என்பதில் ஐயமில்லை. தாவர நூலார் அதனைப் 'ப்ரக்மான்சியா' என்பர். லைடன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த டச்சு அறிஞர் செபால்ட் யுஸ்டினுஸ் ப்ரக்மான்ஸ் (1763-1819) நினைவாக, 1805-ஆம் ஆண்டில் பெர்சூன் என்னும் தாவரவியலார் இட்ட பெயர் அது. ஆங்கிலத்தில் 'ஏஞ்சல்ஸ் ட்ரம்பெட்', அதாவது வானவரின் எக்காளம் என்று வழங்குகிறார்கள். ஸூர் ஊதும் இஸ்ராஃபீல் (அலை) அவர்கள் நம் வாசகர்களின் நினைவுக்கு வரக்கூடும். பெயரிட்டவர்களின் மனத்தில் இருந்தது அதுவன்று. நாம் இங்கே எக்காளப்பூ என்று மட்டும் சொல்லிக்கொள்வோம்.

ஊமத்தைக்கு இது நெருங்கிய உறவு. வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதுதான். ஊமத்தைப் பூ வானத்தை நோக்கி நிமிரும். எக்காளப்பூ மண்ணை நோக்கிக் கவிழும். ஊமத்தை சிறு செடி, காயில் முள்ளுண்டு. எக்காளப்பூ சிறு மரமாகக் கட்டை வைத்து வளரும், காயில் முள் இல்லை. நஞ்சில் மட்டும் இரண்டும் ஒன்றே. ஸ்கோபோலமின், ஹையோசயமின், அட்ரோபின் ஆகிய காரப் பொருள்கள் இலை, பூ, விதை, தண்டு, வேர் என எல்லா உறுப்புகளிலும் உள்ளன. ஆக, மாமியார் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. அவர் அச்சம் அறியாமையின் அச்சம் அன்று.

நம் முன்னோர் இவ்வினத்தை நன்கறிந்தவர்கள். அரபு மருத்துவ நூல்களில் ஊமத்தைக் காய் 'ஜவ்ஸு மாஸில்' எனப்படும். 'டாட்டூரா மெட்டல்' என்று இன்று அறிவியலார் எழுதும் பெயரின் பின்பாதி அந்த அரபுச் சொல்லின் திரிபே. முன்பாதியோ நம் நாட்டுத் 'தத்தூரா'. ஒரே செடியின் பெயரில் இந்தியாவும் அரபகமும் கைகோத்து நிற்பதைப் பாருங்கள். எக்காளப்பூவை மட்டும் இப்னு ஸீனாவோ இப்னுல் பைத்தாரோ கண்டதில்லை; அது தென் அமெரிக்காவின் செடி. பழைய உலகத்திற்கு வந்து சேர்ந்தது அவர்கள் காலத்திற்கு மிகப் பின்னரே.

ஃபிக்ஹு நூல்களில் இச்செடிக்கு நேரான பேச்சு இராது. ஆனால் 'பஞ்ஜ்' என்னும் மயக்கச் செடியைப் பற்றிய பேச்சு உண்டு. பஞ்ஜிலும் எக்காளப்பூவிலும் உள்ள நச்சுப் பொருள்கள் ஒன்றே என்பதை இன்றைய வேதியியல் காட்டுகிறது. இன்றைய அரபியில் அறுவை மருத்துவத்தின் மயக்க மருந்துக்கும் 'பஞ்ஜ்' என்றே பெயர். ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவி (ரஹ்) போன்றோரின் விளக்கத்திலிருந்து நாம் அறிவது இது: இத்தகைய செடி நஜீஸ் அன்று, தொட்டால் உளூ முறியாது, ஆடை அசுத்தமாகாது, ஆனால் புத்தியைக் கெடுக்கும் அளவிலோ உடலைக் கெடுக்கும் அளவிலோ உட்கொள்வது ஹராம். மருத்துவரின் கையில் மருந்தாவது வேறு விஷயம். அட்ரோபின் ஊசிதான் பூச்சிமருந்தின் நச்சேறியவர்களை இன்று நம் மருத்துவமனைகளில் காப்பாற்றி வருகிறது. கண் மருத்துவர் கண்மணியை விரிக்க இடும் சொட்டு மருந்தும் அவ்வினமே. ஸ்கோபோலமினைப் பயண வாந்திக்குக் காதின் பின்புறம் ஒட்டும் பட்டையாகத் தருகிறார்கள். படைத்தவன் ஒரே பொருளில் அழிவையும் ஆறுதலையும் வைத்திருக்கிறான். அளவை அறிந்தவன் கையில் மட்டுமே அது ஆறுதல்.

எனவே செடியை வளர்ப்பது தன்னளவில் தடுக்கப்பட்டதன்று. தடுக்கப்பட்டது, பிறருக்குக் கேடு விளையும்படி வைப்பது. தீங்கு செய்தலும் தீங்குக்குத் தீங்கு செய்தலும் கூடாது என்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிகாட்டலிலிருந்து ஃபிக்ஹு கலையின் பெரும்பகுதி கிளைத்திருக்கிறது. வீட்டில் கிணறு வெட்டுவது ஆகும். கைப்பிடிச் சுவர் இல்லாமல் விடுவது ஆகாது. எக்காளப்பூவும் அவ்வாறே. இது நான் படித்ததைச் சொல்வதுதான், ஃபத்வா அன்று. வேண்டுவோர் தம் ஊர் ஆலிமிடம் செடியையே காட்டிக் கேட்பது நன்று.

என் தனிக் கருத்தைக் கேட்டால் ஒளிவின்றிச் சொல்வேன். எதையும் எடுத்து வாயிலிடும் வயதில், அதாவது ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில், முற்றத்துத் தரையில் இச்செடி வேண்டாம். மொட்டை மாடிக்கோ கம்பிவேலிக்கு அப்பாலுக்கோ போகட்டும். பூ கைக்கெட்டாத உயரத்தில் இருக்கிறது என்ற சமாதானம் போதாது. இச்செடி நாள்தோறும் பூவைத் தரையில் உதிர்க்கிறது. உதிர்ந்த பூ குழந்தைக்குப் பொம்மை. காலையில் தொழுதுவிட்டு முற்றம் பெருக்கும்போதே அவற்றையும் அள்ளிவிட வேண்டும். ஆடு மேயும் இடத்திலும் இதை நடலாகாது. கால்நடைக்கும் இந்நஞ்சு பொருந்தும்.

ஒருகால் யாராவது தின்றுவிட்டால் தெரியும் அடையாளங்கள் இவை: வாய் வறண்டு போதல், கண்மணி அகன்று வெளிச்சம் கூசுதல், முகம் சிவந்து உடல் வியர்வையின்றிக் கொதித்தல், நெஞ்சு படபடத்தல், சிறுநீர் வராமை, இல்லாததைக் கண்டு பிதற்றுதல். வாந்தி எடுக்கவைக்கவோ மோரும் புளியும் கரைத்துக் கொடுக்கவோ நேரம் போக்கக் கூடாது. உடனே தென்காசி அரசு மருத்துவமனைக்கோ அருகிலுள்ள வேறு மருத்துவமனைக்கோ தூக்கிச் செல்லுங்கள். செடியின் கிளை ஒன்றையும் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். பேய் பிடித்தது, கண்ணேறு பட்டது என்று தண்ணீர் ஓதிக் கொடுத்துக்கொண்டிருந்தால் காலம் கடந்துவிடும். துஆவை வண்டியில் போகும்போது ஓதலாம். ஒரு செடியில் இருக்கும் நஞ்சின் அளவு இன்னொன்றில் இராது. ஒரே செடியிலும் இலைக்கு இலை மாறும். ஆதலால் 'கொஞ்சம்தானே தின்றான்' என்ற கணக்கும் உதவாது.

மாமியாரின் அச்சத்துக்கு இவ்வளவு இடம் தந்தது நியாயமே. இனி மருமகளின் செடிக்கு வருவோம்.

உலகத் தோட்டக்காரர்களுக்கு எக்காளப்பூவைப் பற்றிய முதற்கவலை குளிர்காலம். உறைபனி பட்டால் கிளை கருகிவிடும். ஐரோப்பாவில் இலையுதிர் காலம் முடியுமுன் தொட்டியோடு உள்ளே இழுத்து, 5 முதல் 10 பாகை வெப்பமுள்ள இருட்டறையிலோ நிலவறையிலோ வைத்து, மண் முற்றும் காய்ந்துவிடாத அளவுக்கு மட்டும் சிறிது நீர் காட்டுகிறார்கள். இலையெல்லாம் உதிர்ந்து செடி கட்டையாய் உறங்கும். வசந்தத்தில் வெளியே கொண்டுவந்தால் கணுதோறும் துளிர்க்கும். நம் நாட்டிலும் உறைபனிக் கவலை அறிந்த ஊருண்டு. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் மார்கழி, தை மாதங்களில் புல்வெளி உப்புப் பூத்தது போலாகும். 1848-இல் தொடங்கப்பட்ட அங்குள்ள அரசு தாவரவியல் பூங்காவில், கோத்தகிரி மிலார்ச் செடிகளை வெட்டிவந்து மென்மையான மலர்ச் செடிகளின்மேல் கூரைபோல் பரப்பிக் காப்பாற்றுகிறார்கள். விலையில்லாத, எளிய வழி. நீலகிரி, கொடைக்கானல் பக்கத்து வீடுகளில் எக்காளப்பூவின் நுனி பனியில் கருகினாலும், அடிக்கட்டையிலிருந்து அது மறுபடி கிளம்பிவிடும்.

ஐந்தருவிக்கு இதில் எதுவும் பொருந்தாது. உயரம் 200 மீட்டருக்கும் குறைவு. பனிக்காலம் என்று நாம் சொல்வது அச்செடிக்கு இனிய காலம். நம் செடியின் 'குளிர்காலம்' பங்குனியும் சித்திரையும் ஆகும். மேல்நாட்டு நூல்களைப் பார்த்து மார்கழியில் செடியை மூடிவைப்பவர்கள் வேண்டாத வேலையைச் செய்கிறார்கள். காக்க வேண்டிய மாதத்தில் கைவிட்டுவிடுகிறார்கள். அங்கே குளிர் தருகிற உறக்கத்தை இங்கே வெயில் தருகிறது. குன்னூர் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வந்த செடி, ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று நுழையும் ஆனி, ஆடி, ஆவணியில் தன் தாய்வீட்டில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். அதனால்தான் சாரலில் பூத்தது. காற்று நின்று, பாறை சுடத் தொடங்கியதும் இலையைக் கழற்றிப் போடுகிறது. இது சாவு அன்று, சிக்கனம். அகன்ற இலைகள் அத்தனையும் நீராவி போக்கும் வாயில்கள். வேரால் ஈடுகொடுக்க முடியாதபோது செடி வாயில்களை மூடுகிறது.

அதற்கு நாம் உதவலாம். தொட்டியில் உள்ளதானால் காலை வெயில் மட்டும் விழும் கிழக்குப் பக்கத்துக்கோ மாமர நிழலுக்கோ நகர்த்துங்கள். தரையில் உள்ளதானால் மேற்கே இரண்டு கம்பு நட்டுத் தென்னங்கீற்று கட்டுங்கள். அடியில் தென்னை நாரும் சருகும் நான்கு விரற்கடை கனத்துக்குப் பரப்புங்கள். தண்டை ஒட்டிக் குவிக்க வேண்டாம், அழுகும். எக்காளப்பூ தண்ணீர்ப் பிரியன். சித்திரையில் தொட்டிச் செடிக்குக் காலையிலும் மாலையிலும் நீர் வேண்டும். நண்பகலில் இலை தொங்கினால் உடனே செம்பைத் தூக்காதீர்கள். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அது வெயிலுக்குத் தலைகுனிந்தது, மாலையில் நிமிர்ந்துவிடும். ஈரமிருக்க மேலும் மேலும் ஊற்றினால் வேர் அழுகி, அதே வாட்டத்தைக் காட்டும். இரண்டு வாட்டமும் பார்வைக்கு ஒன்றுபோலிருப்பதே தொல்லை.

கோடையில் இன்னொரு பகை, இலையின் அடியில் வாழும் செஞ்சிலந்தி. கண்ணுக்கு அரிதாகத் தெரியும். இலை சாம்பல் நிறப் புள்ளி பூத்து, அடியில் நூலாம்படை இருந்தால் அதுதான். வறட்சி அதற்குக் கொண்டாட்டம். வேப்பெண்ணெய்க் கரைசலுக்கு முன், இலைகளின் அடிப்புறம் படும்படி குழாய் நீரை வேகமாய்ப் பீய்ச்சுவதை நாள்தோறும் செய்து பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

எல்லா வகையும் நம் ஊருக்கு ஆகா என்பதையும் சொல்லிவிட வேண்டும். செந்நிறக் குழல்போன்ற பூவுடைய 'சாங்குவினியா' என்னும் வகை, ஆண்டிஸ் மலையின் குளிருக்கு உரியது. கீழ்நாட்டு வெப்பத்தில் பூப்பதில்லை. அதன் குச்சியை மலையிலிருந்து சுமந்து வருவது வீண் சுமை. வெண்பூவும், வெள்ளையாய் விரிந்து பின் இளஞ்சிவப்பாகவோ பீச்சுப்பழ நிறமாகவோ மாறும் பூவுமுடைய வகைகள் வெப்பத்தை ஓரளவு தாங்கும். சகோதரியின் வருணனைப்படி அவருடையது வெண்பூ வகை. கவலையில்லை.

வெட்டும் முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. அதை அறியாமல் வெட்டுவதால்தான் பலர் வீட்டில் இச்செடி ஓராண்டு பூத்து, அடுத்த ஆண்டு இலையாகவே நிற்கிறது. இளஞ்செடி முதலில் ஒற்றைத் தண்டாய் நிமிர்ந்து போகும். ஓர் உயரம் வந்ததும் கவட்டைபோல் இரண்டாகப் பிரியும். அந்த முதற்கவட்டைக்கு மேலேதான் பூ. அதற்குக் கீழே உள்ள பகுதி வளர்வதற்கென்றே விதிக்கப்பட்டது. கவட்டைக்குக் கீழே வெட்டிவிட்டால், செடி மறுபடியும் ஒற்றைத் தண்டு விட்டு, மறுபடியும் கவட்டை கண்டு, பிறகே பூக்கும். ஒரு பருவம் போய்விடும். எனவே முதற்கவட்டையைக் கண்ணால் குறித்துக்கொண்டு, அதற்கு மேலே ஒவ்வொரு கிளையிலும் ஆறேழு கணுக்களையாவது விட்டு வெட்டுங்கள். கவட்டைக்கு மேலுள்ள இலையின் அடிப்பக்கம், காம்பின் இருபுறமும் சமமாக இராமல் ஒருபுறம் ஏறி ஒருபுறம் இறங்கியிருக்கும். அதுவே பூக்கும் பகுதியின் முத்திரை. பழகிய கண்ணுக்கு ஓர் இலையே போதும்.

காலம் எது? நம் ஊருக்கு மாசியை நான் சொல்வேன். மாசியில் குறைத்துவிட்டால் கோடையில் சுமக்க வேண்டிய இலை குறையும். வைகாசி இறுதியில் காற்றுத் திரும்பும்போது புதுத் துளிர் சாரலை எதிர்கொள்ளும். பங்குனி பிறந்துவிட்டபடியால் சகோதரி இவ்வாண்டு கடுமையாக வெட்ட வேண்டாம். காய்ந்த நுனிகளை மட்டும் கழித்து, நிழலில் வைத்தால் போதும்.

வெட்டும்போது கையுறை அணிவது கட்டாயம். ரப்பர் கையுறை இல்லையேல் பால் கவரையாவது கையில் மாட்டிக்கொள்ளுங்கள். சாறு பட்ட கையால் கண்ணைக் கசக்கினால் அக்கண்ணின் மணி மட்டும் அகன்றுவிடும்; மணிக்கணக்கில், சில வேளை நாட்கணக்கில் அப்படியே நிற்கும். ஒரு கண் மட்டும் விரிந்திருப்பதைக் காணும் மருத்துவர் மூளையில் கட்டியோ கசிவோ என அஞ்சிப் பெரிய சோதனைகளுக்கு அனுப்புவார். தோட்ட வேலை செய்தவர்களுக்கு இவ்வாறு நேர்வது மருத்துவ ஏடுகளில் பலமுறை பதிவாகியுள்ளது. 'இன்ன செடியை வெட்டினேன்' என்ற ஒரு சொல் அச்சோதனைகளை மிச்சப்படுத்தும். அடுக்களைக் கத்தியையும் அரிவாள்மனையையும் இதற்கு எடுக்காதீர்கள்.

இனிப் பெருக்குதல். இங்கே, நம்மில் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. எக்காளப்பூவில் ஏழு இனங்கள்; ஏழுமே காட்டில் அற்றுப்போய்விட்டன என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியல் 2014-இல் குறித்தது. தாய்நாடான தென் அமெரிக்காவிலேயே தானாய் முளைத்துத் தானாய்ப் பெருகும் கூட்டம் எதுவும் நிலைத்திருப்பதாக உறுதிப்படவில்லை. இதன் காயைத் தின்று விதையைப் பரப்பிய ஏதோ பெருவிலங்கு முன்னொரு காலத்தில் அழிந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். அதன்பின் இச்செடியை உலகில் நிறுத்தியது மனிதன் ஒடித்து நட்ட குச்சி. ஆண்டிஸ் மலையின் பழங்குடியினர் தங்கள் குடிசைப் புறத்தில் தலைமுறை தலைமுறையாய் நட்டார்கள். கொலம்பியாவின் சிபுந்தோய்ப் பள்ளத்தாக்கில் பல வகைகளை இன்றும் குச்சியால் காத்து வருகிறார்கள். அழகு செய்யும் செடியென்று உலகமெல்லாம் வாங்கிச் சென்றதும் குச்சியாகத்தான். ஐந்தருவியில் நிற்பதும் அந்தத் தொடரின் ஒரு கண்ணியே. பிடுங்கி எறிவதா வேண்டாமா என்று மாமியும் மருமகளும் வாதிடும்போது இதையும் எடைபோட வேண்டும்.

குச்சியால் பெருகுவதில் ஓர் இடர் உண்டு. ஒரு செடியின் குச்சிகள் அத்தனையும் அதே செடிதான். இவ்வினங்களில் பெரும்பாலானவை தம் மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை. எனவே ஒரே தாயின் குச்சிகளால் நிறைந்த தெருவில் எத்தனை பூத்தாலும் காய் காணாது. பேரீச்சையை நினைத்துப் பாருங்கள். மதீனத்து உழவர்கள் நல்ல மரத்தின் அடிக்கன்றைப் பிரித்து நட்டே அதன் குணத்தைக் காத்தார்கள். காய்க்க வைக்கவோ ஆண்பாளையைக் கொணர்ந்து சேர்த்தார்கள். அவ்வழக்கம் பற்றிய நிகழ்ச்சியில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உலகத் தொழில்களில் அத்தொழிலாளரின் அறிவுக்கு மதிப்பளித்தது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸெவில்லே நகரத்து இப்னுல் அவ்வாம் எழுதிய 'கிதாபுல் ஃபிலாஹா' என்னும் உழவு நூல், குச்சி, பதியன், ஒட்டு ஆகியவற்றை விரித்துரைக்கிறது. 1802-இல் அதை ஸ்பானிய மொழியில் பெயர்த்து மாட்ரிடில் அச்சிட்டார்கள். நம் மதரஸா மாணவர்கள் அந்தலூஸின் கோட்டைகளை அறிந்த அளவுக்கு அதன் தோட்டங்களை அறியவில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. அது இருக்கட்டும்.

குச்சிக்குச் சிறந்த காலம் ஆனியும் ஆடியும். காற்றில் ஈரம் நிற்பதால் குச்சி வாடாது. பென்சிலுக்கும் பெருவிரலுக்கும் இடைப்பட்ட பருமனில், பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கிய கிளையில், 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்துக்கு எடுங்கள். கீழ்வெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே நேராகவும், மேல்வெட்டு சாய்வாகவும் இருக்கட்டும். இலையில்லாத குச்சியில் தலை எது, கால் எது என்று மயங்கித் தலைகீழாய் நடாமலிருக்க அதுவே அடையாளம். நுனியில் ஒன்றிரண்டு சிற்றிலை போக மற்றவற்றைக் களைந்துவிடுங்கள்.

தண்ணீரில் நிறுத்தியும் வேர்விட வைக்கலாம். நிறமுள்ள பாட்டிலில் மூன்று விரற்கடை நீர் ஊற்றி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றிக்கொண்டு வந்தால், பட்டையில் அரிசிக் குருணைபோல் வெண்புள்ளிகள் புடைக்கும். இரண்டு மூன்று வாரத்தில் அவையே வேராகும். வேர் ஓர் அங்குலம் நீண்டதும் மண்ணுக்கு மாற்றிவிட வேண்டும். நீரில் வளர்ந்த வேர் கண்ணாடிபோல் முறியும், நீண்டால் பழகாது. அப்பாட்டிலைக் குடிநீர்ப் பாட்டில்களோடு சேர்த்து வைக்க வேண்டாம் என்று தனியே சொல்ல வேண்டுமா? சொல்லியே ஆக வேண்டும்: அந்த நீரும் நச்சு நீர். இதற்காகவே எனக்கு மணல் முறை பிடிக்கும். ஆற்றுமணலும் மக்கிய தென்னை நார்த்தூளும் சமபங்கு கலந்து, குச்சியின் பாதி புதையுமாறு நட்டு, நிழலில் வைத்தால் வேலை முடிந்தது. மட்கிய சாணத்தை வேர் வந்தபின் சேர்க்கலாம். அதற்குமுன் சேர்த்தால் குச்சி அழுகும். வேரூன்றிய பின்போ இச்செடிக்குப் பசி அதிகம். பதினைந்து நாளுக்கொரு முறை ஊறிய கடலைப் பிண்ணாக்குத் தண்ணீர் கொடுத்தால் நன்றி காட்டும்.

கவட்டைக்கு மேலிருந்து எடுத்த குச்சி விரைவில் பூக்கும், குட்டையாய்ப் படரும். தொட்டிக்கு அது ஏற்றது. கீழிருந்து எடுத்தது ஆளுயரம் போனபின்தான் பூக்கும். பூ தலைக்கு மேல் தொங்க வேண்டும் என்று விரும்புவோர் அதைக் கொள்க. குழந்தைகள் உள்ள வீட்டில் உயர வகையே மேல் என்று தோன்றலாம். உதிரும் பூவைப் பற்றி முன்னர் சொன்னதை மறவாதீர்கள்.

குச்சி கேட்டவர்களுக்கு என்ன செய்வது? விற்கும் பொருளில் குறை இருந்தால் அதை வாங்குவோனிடம் மறைப்பது கூடாது என்பது நம் வாணிபச் சட்டத்தின் அடிப்படை. அன்பளிப்புக்கும் அந்த நேர்மை பொருந்தும் என்றே கருதுகிறேன். நச்சு என்று வாயால் சொல்லி, தொட்டியில் ஒரு துண்டுச் சீட்டிலும் எழுதி ஒட்டிக் கொடுங்கள். தவழும் குழந்தை உள்ள வீட்டாருக்கு, 'பிள்ளை பள்ளிக்குப் போகட்டும், அப்புறம் தருகிறேன்' என்று சொல்லலாம். மனவருத்தம் வரும், வந்தால் வரட்டும்.

கழித்த கிளைகளை என்ன செய்வது என்பதில் ஐந்தருவிக்காரர்களுக்குத் தனிப் பொறுப்பு இருக்கிறது. ஓடையில் எறியக் கூடாது. ஈரமண்ணில் படும் ஒவ்வொரு துண்டும் வேரூன்ற வல்லது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான பகுதிகளில், நீலகிரி, பழனி மலைப் பக்கங்களில், ஓடைக்கரைகளில் இச்செடி தானே நின்று பெருகுவதைக் காணலாம். காய்த்துப் பரவியதன்று, வெள்ளம் கொண்டுபோன கிளையே பெரும்பாலும் காரணம். ஐந்தருவியின் நீர் சிற்றாற்றோடு கூடிச் சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. ஆடுமாடு நீர் குடிக்கும் துறைகள் வழியெங்கும் உண்டு. எரிப்பதும் வேண்டாம், புகையும் கேடு. முழங்கால் ஆழக் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள், நன்றாக மட்கிவிடும்.

தொட்டிச் செடியை ஆண்டுக்கொரு முறை, மாசியில் வெட்டும்போதே, வெளியே எடுத்து வேர்ப்பந்தின் ஓரத்தை இரண்டு விரற்கடை சீவிப் புதுமண் இட்டு நடுவது நல்லது. தரைச் செடிக்கு அது தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியின் அடித்துளை அடைபடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அடுத்த இதழில், இன்ஷா அல்லாஹ், சீசனில் குற்றாலத்துக் கடைகளில் குவியும் மங்குஸ்தானைப் பற்றி எழுத எண்ணியுள்ளேன். விதையிட்ட கன்று ஏழெட்டு ஆண்டுகளானாலும் காய்க்கவில்லையே என்று கடையநல்லூரிலிருந்தும் செங்கோட்டையிலிருந்தும் இரு வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். வஸ்ஸலாம்.